ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி

மில்லிங் மெஷினின் தலையைக் கழற்றுவதென்றால் நான் பங்குனிக்குக் காத்திருப்பேன். ஐப்பசி கார்த்திகையில் காரைக்காலில் பேரிங்கைத் திறந்து வைத்தால், மறுநாள் காலை அதன்மேல் செம்மண் தூவினாற்போல் துரு நிற்கும். கொட்டகைக்குக் கிழக்கே கடல் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்த இரும்பை வெறுங்கையால் தொட்டால், விரல் ரேகையே துருவாக எழுந்து வரும் ஊர் இது.

இந்த வருஷம் மாசிக் கடைசியில் ஒரு விசைப்படகுக்காரர் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கீவே என்னும் சாவிக் காடி வெட்ட வேண்டும். கட்டர் இரும்பில் இறங்கியதும் தலைக்குள் ஒரு அலறல். வெட்டி முடித்துப் பார்த்தால், காடியின் பக்கச் சுவரில் வயல் சேற்றில் காற்று விட்ட வரிகள்போல அலை. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் மூக்கைக் கையால் அசைத்து டயல் வைத்துப் பார்த்தேன். 4 பாயின்ட் ஆட்டம். மில்லிமீட்டரை நூறாகப் பிரித்து அதில் ஒன்றைப் பாயின்ட் என்போம். ஒரு தலைமுடியின் தடிமன் ஏழெட்டுப் பாயின்ட் இருக்கும். அதில் பாதி அசைந்தாலும் இந்த மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். படகுக்காரரிடம், "பத்து நாள் பொறுங்க தம்பி, மெஷினுக்கு வைத்தியம் பாக்கணும்" என்றேன். "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்று ஷாஃப்டைச் சுவரோரம் சாத்திவிட்டுப் போனார்.

என் மெஷின் டர்ரட் மில்லிங் வகை. தூண்போல ஒரு உடல், அதன் உச்சியில் முன்னும் பின்னும் நகரும் ஒரு கை, கையின் நுனியில் நாலு போல்ட்டில் தொங்கும் தலை. மோட்டார், பெல்ட், கியர், ஸ்பிண்டில் எல்லாம் அந்தத் தலைக்குள்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு டூல் ரூமில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, ஏலத்தில் எடுத்துக் கொல்லைக் கொட்டகையில் நிறுத்தினேன். பெயர்ப்பலகை இல்லாமல்தான் வந்தது. நம் நாட்டில் அச்சாக எடுத்துச் செய்த மெஷின் என்பது வார்ப்பைப் பார்த்தாலே தெரியும். மூல மெஷின் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்.

அந்த மூலத்தின் கதையில் எனக்குப் பிடித்த சேதி ஒன்று உண்டு. அங்கே தலைதான் முதலில் பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்து பிரிட்ஜ்போர்ட் ஊரில் ருடால்ஃப் பன்னோ, மாக்னஸ் வால்ஸ்ட்ரோம் என்ற இருவர் மரமாதிரி செய்யும் பட்டறை வைத்திருந்தார்கள். மற்றவர்களின் மெஷினில் மாட்டிக்கொள்ள 1932 வாக்கில் ஒரு மில்லிங் தலையை மட்டும் செய்து விற்றார்கள். அந்தத் தலைக்கு ஏற்ற உடல் ஒன்று வேண்டும் என்று 1936-ல் பன்னோ யோசித்து வரைந்தார். 1938-ல் முதல் மெஷின் விற்பனைக்குப் போனது. பிறகு லட்சக்கணக்கில் வார்த்தார்கள். உலகமெங்கும் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஆகவே நாலு நட்டைக் கழற்றித் தலையைத் தனியே எடுப்பது மெஷினைச் சிதைப்பதாகாது. அது முதலில் எப்படி இருந்ததோ அந்த நிலைக்கே போகிறது.

தலையைத் தூக்க செயின் பிளாக்கை மாட்டியிருப்பது, கொட்டகையின் குறுக்கே இரு சுவரிலும் ஊன்றிய ஒரு தண்டவாளத் துண்டில். பேரளம் – காரைக்கால் பாதையைப் பிரித்தெடுத்தபோது வந்த இரும்பு என்று சொல்லித்தான் நாகையில் பழைய இரும்புக்காரர் என் அப்பாவிடம் விற்றார். அந்தப் பாதையைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தொழில் அந்த வழியில்தான் வந்தது.

1861-ல் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் விட்டது. அடுத்த வருஷமே அது திருச்சிக்குப் போனது. இங்கிலாந்திலிருந்து எஞ்சினும் சாமானும் கப்பலில் வந்து இறங்கிய நாகையிலேயே பட்டறையும் எழுந்தது. 1874-ல் தென்னிந்திய ரயில்வே என்று பெயர் மாறியது. டெல்டாவில் கொல்லர், தச்சர் வீட்டுப் பிள்ளைகள் லேத்தையும் பிளேனரையும் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அந்தப் பட்டறையில்தான். எஞ்சின் செய்தது இங்கிலாந்து. அதைத் திறந்து, தேய்ந்ததை மாற்றி, திரும்ப ஓட வைத்தது நாகை. இந்த வேறுபாட்டை நான் குறையாகச் சொல்லவில்லை. செய்தவனுக்குத் தன் மெஷின் ஒன்றுதான் தெரியும். திறந்து மூடுகிறவனுக்குப் பத்துப் பேர் செய்தது தெரியும்.

காரைக்கால் அப்போது பிரெஞ்சு மண். 1739-லேயே தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர். சுற்றிலும் ஆங்கிலேயர் சீமை. பிரெஞ்சுக்காரர் செலவில் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ஒரு பாதை போட்டார்கள். 1898 மார்ச் 14-ல் வண்டி ஓடியது. பணம் பிரெஞ்சுப் பணம், ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பிரெஞ்சு மண்ணில் நின்ற எஞ்சினுக்கு ஆங்கிலேயர் பட்டறையின் ஸ்பானர்.

என் தாத்தா அந்த நாகைப் பட்டறையில் ஃபிட்டர். 1920-களில் கம்பெனி திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் பெரிய பட்டறை ஒன்றைக் கட்டி, நாகை, போத்தனூர் பட்டறைகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று முடிவெடுத்தது. இடம் மாறுவதோடு போகவில்லை. ஆள் குறைப்பு, அதற்கு ஒரு தொழில் தேர்வு. இருபது வருஷம் அரம் பிடித்த கையை உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொன்னார்கள் என்று தாத்தா சொல்வாராம். 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுக்க வேலைநிறுத்தம். அதற்காகத் தொழிற்சங்கத் தலைவர் ம. சிங்காரவேலர் சிறைக்குப் போனார். வேலைநிறுத்தம் தோற்றது. பொன்மலை திறந்தது. நாகையில் பட்டறையின் சங்கு நின்றுபோனது.

நாகை அன்றைக்கு இழந்ததைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். ஒரு ஊரின் கைத்திறன் மொத்தமும் ஒரே வருஷத்தில் வண்டியேறிப் போனது. போகாமல் நின்றவர்கள் கீழத்தஞ்சை முழுக்கச் சிதறினார்கள். அரிசி ஆலைக்குப் பக்கத்தில், பஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒவ்வொருவர் ஒரு கொட்டகை போட்டார்கள். என் தாத்தா இருபது கிலோமீட்டர் வடக்கே நடந்து, வாஞ்சூர் எல்லையைத் தாண்டி, காரைக்காலுக்கு வந்தார். கையில் ஒரு சாக்குப் பை. அதில் இரண்டு உளி, அரம் நாலு, ஒரு காலிப்பர், ஒரு சென்டர் பஞ்ச். அந்தப் பஞ்ச் இன்று என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தலைப்பக்கம் சுத்தியல் பட்டுப் பட்டுக் காளான்போல விரிந்திருக்கும்.

நாகைப் பட்டறை அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அந்தப் பஞ்சில்தான். எதைப் பிரித்தாலும், பிரிக்கும் முன் இரண்டு துண்டும் சேரும் இடத்தில், இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து. அடுத்த ஜோடிக்கு இரண்டு இரண்டு. திரும்பப் பூட்டும்போது ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி, இரண்டுக்கு இரண்டு. எழுத்து தெரியாதவனும் பூட்டலாம். அப்பாவுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார், அப்பா எனக்கு.

அக்கா பேரன் ஒருவன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். தலையை இறக்குகிற அன்று கூடமாட இருக்க வந்தான். மெயினை அணைத்து ஃபியூஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முதலில் மோட்டாரைக் கழற்றி இறக்கினோம். அது உச்சியில் இருந்தால் தலை எந்த நிமிஷமும் புரளப் பார்க்கும். மேஜை நடுவில் புன்னைக் கட்டை இரண்டு வைத்தேன். படகுத்துறையில் வாங்கிய துண்டுகள். வெடிக்காத மரம். மேஜையை மெல்ல உயர்த்தி, கட்டை தலையின் அடியில் பட்டு எடையை வாங்கும்வரை கொண்டுவந்தேன். அகலமான பெல்ட்டைத் தலையைச் சுற்றிக் கொடுத்து செயின் பிளாக்கில் மாட்டினேன்.

"தாத்தா, நாலு நட்டையும் கழட்டிடவா?"

"கழட்டாதடா. குறுக்குக் குறுக்கா அரைச்சுத்து தளர்த்து. கடைசி நட்டு என் கையில இருக்கட்டும்."

இந்த நாலு நட்டுக்குள்தான் இந்த வகை மெஷினின் வசதியும் தொல்லையும் இருக்கிறது. அவற்றைத் தளர்த்தினால் தலையை இடமும் வலமும் சாய்க்கலாம், சரிவான வெட்டு வெட்டலாம். அதனாலேயே, ஒருமுறை அசைந்த தலை நேராக நிற்கிறது என்று யாரும் கண்ணால் சொல்ல முடியாது. கடைசி நட்டு வந்ததும் தலை ஒரு மூச்சு விட்டதுபோல அரை மில்லிமீட்டர் தாழ்ந்து கட்டையில் உட்கார்ந்தது. பிளாக்கை இரண்டு கண்ணி இழுத்து முன்னால் தள்ளினோம். போல்ட்டை விட்டு வந்துவிட்டது. ரயில் துண்டு ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்கியது.

குயிலை எடுக்கும் முன் ஒரு காரியம் இருக்கிறது. குயில் என்பது ஸ்பிண்டிலைத் தன்னுள் வைத்துக்கொண்டு மேலும் கீழும் போகும் உருளை. பட்டறையில் எல்லாரும் பறவையைச் சொல்கிற மாதிரியே சொல்வோம். அதை மேலே இழுத்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு சுருள் வில் உண்டு, கடிகார வில்போல. மூடியைச் சட்டென்று திறந்தால் கத்திபோலப் பாயும். என் இடது கட்டைவிரலின் வெள்ளைத் தழும்பு அது கொடுத்ததுதான். மூடியைக் கையால் அழுத்திப் பிடித்து, ஸ்குரூவைத் தளர்த்தி, ஒவ்வொரு சுற்றாக முறுக்கை இறக்கினேன். பேரன் மூச்சுவிடாமல் பார்த்தான். வில் அடங்கிய பிறகு குயில் தானாகக் கையில் வழுக்கி வந்தது.

இனி அளவுகளின் கதை. என் மெஷினில் மூன்று நாடு குடியிருக்கிறது. கட்டரைப் பிடித்து இழுக்கும் நீளக்கம்பியின் மரை அங்குல அளவு: 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. இது அமெரிக்கச் சொத்து. வார்ப்பில் நம்மாட்கள் போட்ட ஆலன் ஸ்குரூக்கள் மில்லிமீட்டர். அப்பாவின் காலத்து ஸ்பானர்களும் டாப்புகளும் ஆங்கிலேயரின் விட்வொர்த். அதிலும் 7/16 உண்டு, ஆனால் அங்குலத்துக்கு 14 மரைதான். மரையின் கோணமும் வேறு. விட்வொர்த்துக்கு 55 டிகிரி, மற்ற இரண்டுக்கும் 60. தெரியாமல் ஒன்றை மற்றதில் திருகினால் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் மரை செத்துவிடும்.

காரைக்காலில் தாத்தா பட்டறை போட்ட நாளிலிருந்தே இந்தச் சிக்கல் எங்கள் வீட்டில் உண்டு. நாகை அவருக்குக் கொடுத்தது அங்குலமும் நூலும். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். இங்கே பிரான்சிலிருந்து வந்த பம்ப்பும் தையல் மெஷினும் மில்லிமீட்டரில். வாஞ்சூரில் எல்லை மாறினால் மரையும் மாறும். அதனால் தாத்தா எல்லா மாதிரி மரைக்கும் ஒரு நட்டு வைத்துக் கம்பியில் கோத்துச் சுவரில் மாட்டியிருந்தார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அந்தக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார். பேரளம் பாதை ஓடத் தொடங்கிய அதே 1898-ல்தான் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஐரோப்பியப் பொறியாளர்கள் கூடி, பிரான்ஸ் வகுத்த மரையை அடிப்படையாக வைத்து மெட்ரிக் மரைக்கு ஒரே ஒழுங்கு கண்டார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தங்களுக்குள் ஒத்துப்போக இன்னும் ஐம்பது வருஷம் ஆனது. உலகப் போரில் ஒருவர் நட்டு மற்றவர் போல்ட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரு பொது மரைக்குக் கையெழுத்திட்டன. காரைக்கால் 1954 நவம்பர் 1-ல் இந்தியாவோடு சேர்ந்தது. 1956-ல் நாடு மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டது. ஊர் முழுக்க மில்லிமீட்டர் புதிதாக வந்தது என்று சொன்னபோது, எங்கள் வீட்டுச் சுவரில் அது முப்பது வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் பேரிங் மட்டும் எந்த நாட்டு மெஷினிலும் பெரும்பாலும் மில்லிமீட்டர்தான். பிரிட்ஜ்போர்ட் தலையில் மற்றதெல்லாம் அங்குலமாக இருந்தாலும், ஸ்பிண்டிலின் மூக்கில் உட்கார்ந்திருப்பது 7207 ஜோடி, மேலே 6206. எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் 04-ம் அதற்கு மேலும் இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு வந்துவிடும்: 35 மில்லிமீட்டர், 30 மில்லிமீட்டர். பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் தன் சைக்கிளிலிருந்து வாட்டர் பம்ப் வரை பேரிங் எண்களைத் தேடிப் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

குயிலின் மூக்கைத் திருகி எடுத்து, மேலிருந்து பித்தளைத் துண்டு வைத்துத் தட்ட, ஸ்பிண்டில் பேரிங்குகளோடு இறங்கியது. மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தேன். அலறலின் காரணம் அங்கே இருந்தது. இரண்டு 7207-ம் இரண்டு வேறு கம்பெனி. இந்த வகைப் பேரிங் ஜோடியாகவே பிறக்கிறது. இரண்டின் முகத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் தேய்த்து, வெளி வளையத்தில் வி போன்ற குறி போட்டு அனுப்புவார்கள். பாதிக் குறி ஒன்றில், பாதி மற்றதில். சேர்த்து வைத்தால்தான் வி முழுசாகும். இதுவும் ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளிதான். முன்னால் வேலை பார்த்த யாரோ ஒருவர் கிடைத்த இரண்டைப் போட்டிருக்கிறார். அதைவிட வருத்தம் தந்தது பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் ஸ்பேசர் வளையங்கள். உள் வளையமும் வெளி வளையமும் ஒரே உயரம் இருக்க வேண்டும். வெளி வளையத்தின் முகத்தில் அரத்தின் கோடுகள். மைக்ரோமீட்டர் வைத்தேன். 5 பாயின்ட் குறைவு. பேரிங் இறுகிச் சூடாகிறது என்று அராவியிருப்பார்கள். சூடு போயிருக்கும். கூடவே இறுக்கமும் போய்விட்டது. ஆட்டம் வந்தது அப்படித்தான்.

அராவியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை நேரத்தில் மெஷின் நின்றால் முதலாளி தலைமாட்டில் நிற்பார், ஜோடிப் பேரிங்குக்குச் சென்னைக்கு ஆள் அனுப்ப முடியாது, கையில் அரம் இருக்கும். ஆனால் அரம் எடுத்த கை ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கலாம். மூடிக்குள் ஒரு சீட்டு, இத்தனை எடுத்தேன் என்று. அடுத்துத் திறக்கிறவனுக்கு ஒன்றுமே சொல்லாமல் மூடுவதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

சென்னை லிங்கிச் செட்டி தெருவிலிருந்து ஜோடி வந்தது. இரண்டு ஸ்பேசரையும் அம்பத்தூரில் இருக்கும் பழைய நண்பருக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அவர் இரண்டையும் ஒரே மேக்னட்டில் அருகருகே வைத்து, ஒரே கல்லில், ஒரே ஓட்டத்தில் கிரைண்ட் செய்து அனுப்பினார். ஒரே ஓட்டத்தில் எடுத்தால் உயரம் வேறாக வழியே இல்லை. அந்தக் காகிதப் பொட்டலத்தை நான் வீட்டுக்குள் பூஜை அலமாரியில்தான் வைத்திருந்தேன். கொட்டகைக் காற்றை நம்பவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில் ஓட்டின் இடுக்கில் வந்த உப்புத் தூற்றல் ஒரே நாளில் லேத்தின் படுகையைச் சிவப்பாக்கிய ஊரில், யாரும் நம்ப மாட்டார்கள்.

பூட்டும் வேலையில் சொல்ல அதிகம் இல்லை. கையைச் சுத்தமாகக் கழுவினோம், பஞ்சு வேஸ்ட்டைத் தொடவே இல்லை, கிரீஸைத் துளியளவே வைத்தோம், வி-யை முழுசாகச் சேர்த்தோம். தலையை ஏற்றி நாலு நட்டையும் பாதி இறுக்கி, மெதுவான வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு மூக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழந்தையின் நெற்றி அளவுக்குச் சூடு. சரியான சூடு.

பிறகு டயல். ஸ்பிண்டிலில் ஒரு கை மாட்டி, அதன் நுனியில் டயலை வைத்து, மேஜைமேல் 250 மில்லிமீட்டர் வட்டத்தில் கையால் சுற்ற வேண்டும். இடப்பக்கத்தில் முள் எங்கே, வலப்பக்கத்தில் எங்கே. முதல் சுற்றில் 30 பாயின்ட் வித்தியாசம். மரச் சுத்தியலால் ஒரு தட்டு, 12. அடுத்த தட்டு, மறுபக்கம் 5. நட்டை இறுக்க இறுக்க முள் நகரும், அதையும் கணக்கில் வைத்துத் தட்ட வேண்டும். பேரன் டயலைப் படிக்க, நான் தட்ட, மாலை விளக்கு போடும் நேரத்துக்கு 2 பாயின்ட்டில் நின்றது. அப்பா இருந்திருந்தால் 1-க்குக் கொண்டுவந்திருப்பார்.

தலைக்கும் கைக்கும் சேரும் விளிம்பில் போன முறை நான் குத்திய ஒற்றைப் புள்ளி இருக்கிறது. மோட்டாரின் அடித்தட்டில் மட்டும் குறி இல்லை. இழுப்பறையிலிருந்து தாத்தாவின் பஞ்சை எடுத்துப் பேரனிடம் கொடுத்தேன். விளிம்பில் முனையை நிறுத்தினான், சுத்தியலைத் தூக்கித் தயங்கினான்.

"எத்தனை தாத்தா?"

"ரெண்டு. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு."

முதல் குத்து வழுக்கிக் கீறலாகப் போனது. இரண்டாவது ஆழமாக இறங்கியது. படகுக்காரரின் ஷாஃப்ட் இன்னும் சுவரோரம் சாத்தியிருந்தது.